தலைகீழாய் வந்த நிலவு

2020-ஆம் ஆண்டின் தவக்காலத்தை நாம் எளிதில் மறப்பதற்கில்லை. மார்ச்சுத் திங்களின் இறுதியில் ஆலயக் கதவுகள் அடைபட்டன. குருத்து ஞாயிறு ஓலையின்றிக் கழிந்தது. அந்நாள்களில் நம் பங்கில் பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர், பாடற்குழுவினர் ஏடு வைக்கும் தாங்கியில் தம் கைப்பேசியை நூலால் கட்டி நிறுத்தி, திருப்பலியை நேரடியாக வீடுகளுக்கு அனுப்ப முனைந்தார். முதல் நாள் பீடம் பக்கவாட்டில் சாய்ந்து தெரிந்தது. குருவானவர் சுவரில் நடப்பவர்போல் நற்செய்தி வாசித்தார். அடுத்த நாள் பீடம் நிமிர்ந்தது. ஆனால் மறையுரை முழுதும் ஒலியின்றிப் போயிற்று. நடுவில் மூதாட்டி ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, சாமி வாய் அசையுது, சத்தம் வரலையே” என்றார். இளைஞர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கம்பி ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்த காட்சி இன்றும் நம் கண்முன் நிற்கிறது. மறையுரை முடிந்த பின்னரே ஒலி வந்தது. பழுது எங்கிருந்தது என்பது இறுதிவரை அவருக்கும் விளங்கவில்லை.

அவரைத் தேற்றும்பொருட்டு அன்று நாம் சொன்ன கதை ஒன்றுண்டு. மனித வரலாற்றில் மிகப் பெரிய நேரடி ஒளிபரப்பு எனப் பெயர் பெற்ற ஒன்றும் தலைகீழாய்த்தான் தொடங்கியது என்பதே அது. ஏறத்தாழ 60 கோடி மக்கள் கண்டதாகக் கணக்கிடப்படும் அந்த ஒளிபரப்பு, நிலவிலிருந்து வந்தது. அன்று அரைகுறையாய்ச் சொன்னதை இன்று சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

1969 சூலை 21, திங்கட்கிழமை. நம் நாட்டுக் கடிகாரங்களில் காலை 8 மணி 26 நிமிடம். அந்த நேரத்தில்தான் நீல் ஆம்ஸ்ட்ராங்கின் இடக்கால் நிலவின் துகள் படிந்த தரையில் பதிந்தது. அதனை நம்மில் எவரும் காணவில்லை. அந்நாளில் இந்தியாவில் தில்லி ஒன்றிலேயே தொலைக்காட்சி இருந்தது; கண்டங்களுக்கு இடையே செயற்கைக்கோள் வழி வரும் படத்தைப் பெறுவதற்குரிய நிலையமோ, 1971-இல் புனே அருகே ஆர்வியில் அமைந்த பின்னரே கிடைத்தது. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975-இல். ஆகவே நம் முன்னோர் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்து கேட்டனர். மறுநாள் நாளிதழில் படம் பார்த்தனர். திருத்தந்தை ஆறாம் பவுல் காஸ்டல் கண்டோல்ஃபோவில் தொலைக்காட்சி வாயிலாக அந்த நிகழ்ச்சியைப் பின்தொடர்ந்ததோடு, அங்குள்ள வத்திக்கான் வானாய்வகத்தின் தொலைநோக்கி வழியாக நிலவையும் நோக்கினார். அவர்க்கும் பிறர்க்கும் எட்டிய அந்தப் படம் எவ்வாறு எட்டியது, எத்தனை இடங்களில் எட்டாமற்போக இருந்தது என்பதே நம் பேச்சு.

முதல் இடர் நிலவிலேயே இருந்தது. ‘ஈகிள்’ என்னும் இறங்கு கலத்திலிருந்து புவிக்கு வரும் வானொலி அலைவரிசை ஒன்றே. வீரர்களின் பேச்சும், அவர்களின் இதயத்துடிப்பும், கலத்தின் இயந்திர நிலைமைகளும் அதன் வழியாகவே வரவேண்டும். எஞ்சிய இடத்தில்தான் படம் வரலாம். வழக்கமான அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்கு 30 படங்கள், படத்திற்கு 525 வரிகள் என்னும் அளவினது. அதற்கு அந்த ஒடுங்கிய வழி போதாது. வாய்க்கால் குறுகியதாயின் நீரைக் குறைத்தே விடவேண்டும். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஸ்டான் லெபர் தலைமையில் பணியாற்றிய குழுவினர் நொடிக்கு 10 படங்கள், படத்திற்கு 320 வரிகள் என்னும் அளவில் கறுப்பு வெள்ளைக் காமிரா ஒன்றைச் செய்து கொடுத்தனர். எடை 3 கிலோவுக்குச் சற்று மேல். அது உண்ட மின்சாரம் 7 வாட்டுக்கும் குறைவு. நம் வீட்டு இரவு விளக்கின் செலவே அதற்கும்! நிழலில் நிற்கும் ஏணியையும், அதன் பின்னால் கண்ணைப் பறிக்கும் வெயிலில் கிடக்கும் தரையையும் ஒருங்கே காட்டும் திறன் அதற்கு வேண்டியிருந்தது. அதற்கென மங்கிய ஒளியிலும் பார்க்கவல்ல சிறப்புக் குழாய் ஒன்று பொருத்தப்பட்டது.

இந்தச் சிக்கனத்திற்கு விலை உண்டு. நொடிக்கு 10 படங்கள் என்னும் அந்தக் காட்சி எந்த வீட்டுப் பெட்டியிலும் ஓடாது. புவியில் அதனை மாற்றியாக வேண்டும். இன்று கணினி கண்ணிமைப்பதற்குள் செய்யும் அந்த வேலையை அன்று செய்த முறை வியப்புக்குரியது. நிலவிலிருந்து வந்த படத்தைச் சிறு திரையில் ஓடவிட்டு, அதன் எதிரே வழக்கமான தொலைக்காட்சிக் காமிரா ஒன்றை நிறுத்தி மீண்டும் படம் பிடித்தனர். போதாத படங்களை, பிடித்ததையே காந்தத் தட்டில் பதித்துத் திரும்பத் திரும்ப ஓட்டி இட்டு நிரப்பினர். படத்தைப் படம் பிடிப்பதென்பது எதிரொலியை எழுதி வைப்பது போன்றது. தெளிவு குறையும்; அசையும் உருவத்தின் பின்னே ஆவி போன்ற தடம் தொடரும். உலகம் கண்ட விண்வெளி வீரர்கள் பேயுருக்கள்போல் தோன்றியதற்கு நிலவு காரணமன்று. புவியில் நிகழ்ந்த இந்த மாற்றமே பெரிதும் காரணம்.

இனி, தலைகீழ்ப் படம். இது தவறி நேர்ந்ததெனப் பலர் எண்ணுகின்றனர். எண்ணிச் செய்ததே அது. வீரர் ஏணியில் இறங்கும்போதே படம் வரவேண்டுமெனில் காமிரா கலத்தின் புறத்தே முன்னதாகவே இருத்தல் வேண்டும். எனவே கலத்தின் பக்கவாட்டில் இருந்த மடக்குப் பெட்டகத்தில் அதனை வைத்தனர். இறங்குபவர் வாசற்படியில் நின்று ஒரு வளையத்தை இழுத்தால் பெட்டகம் கீழே மடிந்து திறக்கும்; காமிரா ஏணியை நோக்கும். ஆனால் அந்தக் காமிராவில் தாங்கியின்மேல் உறுதியாய்ப் பொருந்தக்கூடிய தட்டையான பகுதி அதன் மேற்புறமே. ஆகவே அது தலைகீழாய் வைக்கப்பட்டது. புவியில் படம் பெறும் நிலையங்களில் படத்தைக் கவிழ்த்து நிமிர்த்தும் ஸ்விட்ச் ஒன்றைச் சேர்த்தால் போதும் எனப் பொறியாளர் முடிவு செய்தனர். பின்னர், காமிராவைப் பெட்டகத்திலிருந்து எடுத்து முக்காலியில் நிறுத்தும்போது அந்த ஸ்விட்சை மறுபடி திருப்பவேண்டும். அறிவுக்கு எளிது, பதற்றத்தில் இருக்கும் கைக்கு எளிதன்று.

அந்நேரத்தில் நிலவை நோக்கிக் காத்திருந்த நிலையங்கள் மூன்று. கலிஃபோர்னியப் பாலைநிலத்தில் கோல்ட்ஸ்டோன்; அங்கே 64 மீட்டர் அகன்ற கிண்ணம் போன்ற ஏரியல் இருந்தது. ஆஸ்திரேலியாவில் கான்பரா அருகே மலைப் பள்ளத்தாக்கில் ஹனிசக்கிள் கிரீக். அதன் கிண்ணம் 26 மீட்டரே. அதே நாட்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் செம்மறி மேயும் வயல்வெளி நடுவே பார்க்ஸ். அது வானியலாளர் 1961 முதல் விண்மீன்களின் வானொலி அலைகளைக் கேட்கப் பயன்படுத்திவந்த 64 மீட்டர் தொலைநோக்கி.

வகுத்த திட்டமும் நடந்ததும் வேறு வேறு. கலம் இறங்கியபின் வீரர்கள் சில மணி நேரம் உறங்கி எழுந்தே வெளியே வருவர், அப்போது நிலவு ஆஸ்திரேலிய வானில் உயர்ந்திருக்கும், பார்க்ஸ் கிண்ணமே படத்தை வாங்கும் என்று ஏற்பாடு. இறங்கியபின் எவர்க்குத்தான் உறக்கம் வரும்? ஆம்ஸ்ட்ராங் உடனே வெளியேறும் விருப்பத்தைத் தெரிவித்தார், ஒப்புதலும் கிடைத்தது. பார்க்ஸில் நிலவு இன்னும் எழவில்லை. கோல்ட்ஸ்டோனே துணை என்றாயிற்று. ஆனால் உடை அணிவதும் கலத்தின் காற்றை வெளியேற்றுவதும் எதிர்பார்த்ததைவிட நீண்டன. அந்தத் தாமதத்தில் நிலவு மெல்ல மெல்லப் பார்க்ஸின் எல்லைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. ஹனிசக்கிள் கிரீக்கிற்கோ இறங்கு கலத்தைப் பின்தொடரும் பொறுப்பே முதலில் இல்லை. அது அண்டையிலிருந்த டிட்பின்பில்லா நிலையத்துக்குரியது. பயணத்தின் தொடக்கத்தில் டிட்பின்பில்லாவின் அலைபரப்பியில் தீப்பற்றியது; விரைந்து பழுதுபார்த்தும், அதனை முழுதும் நம்ப அஞ்சி இரு நிலையங்களின் பொறுப்புகளையும் மாற்றினர். அந்தச் சிறு தீ இல்லையேல் நாம் பின்னே சொல்லப்போகும் நிகழ்ச்சியும் இல்லை.

பார்க்ஸில் அன்று நேர்ந்தது தனிக்கதை. கிண்ணத்தைத் தொடுவானம் வரை தாழ்த்த இயலாது; 30 பாகைக்குக் கீழ் அது காணாது. முடிந்த மட்டும் சாய்த்து வைத்து நிலவின் வரவுக்காகக் காத்திருந்த வேளையில் புயற்காற்று எழுந்தது. எதிர்க்காற்றில் விரித்த குடையை ஏந்தி நடந்தவர்க்கு அதன் பொருள் விளங்கும். மணிக்கு 110 கிலோமீட்டரைக் கடந்த இரு வீச்சுகள் அந்தப் பெருங்கிண்ணத்தை அறைந்தன. கட்டுப்பாட்டு அறை அமைந்த கோபுரமே அதிர்ந்தது. பாதுகாப்பு விதிப்படி கிண்ணத்தை வானோக்கி நிமிர்த்திப் பூட்டிவிட வேண்டும். இயக்குநர் ஜான் போல்ட்டன் அவ்வாறு செய்யவில்லை. காற்றுச் சற்றே தணிந்தது. நிலவு, கிண்ணத்தின் நடுப்பார்வைக்கு வருமுன், பக்கத்தில் பொருத்திய துணை வாங்கியின் பார்வைக்குள் புகுந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் கலத்தினுள் ஆல்ட்ரின் காமிராவுக்கு மின்சாரத்தைத் திறந்தார். போல்ட்டன் செய்தது சரியா என்று கேட்பின் நம்மிடம் துணிந்த விடை இல்லை. கிண்ணம் முறிந்திருந்தால் இன்று அவரை வேறு விதமாகவே பேசியிருப்போம்.

படம் வந்தது. ஹூஸ்டன் முதலில் ஏற்றது கோல்ட்ஸ்டோன் படத்தை. அது தலைகீழாய் இருந்தது. மேலிருந்து கரிய தரை தொங்க, கீழே வெண்மை கிடக்க, நடுவே ஏதோ ஒன்று அசைந்தது. ஏணியில் இறங்கும் மனிதரை, கூரையில் ஊர்பவரைப்போல் உலகம் கண்டது. சிறிது நேரத்தில் ஸ்விட்ச் திரும்பியது, படம் நிமிர்ந்தது. ஆயினும் கறுப்பு மிகக் கறுப்பாய், வெளுப்பு மிக வெளுப்பாய், நடுவண் நிறம் யாதுமின்றி இருந்தது. கிண்ணத்தில் குறையில்லை, மாற்றுப் பொறியின் சீரமைப்பே பொருந்தவில்லை. பெரிய கிண்ணம், நல்ல அலை, கெட்ட படம்! நம் பங்கு இளைஞருக்கு நாம் அழுத்திச் சொன்னதும் இதுவே: குறை எங்கோ தொலைவில் இருப்பதாக எண்ணி அலைகிறோம், பல வேளைகளில் அது நம் கையருகே உள்ள குமிழில் இருக்கிறது.

ஹனிசக்கிள் கிரீக்கில் மாற்றுப் பொறியின் முன் அமர்ந்திருந்தவர் எட் வான் ரெனுவார்ட் என்னும் தொழில்நுட்பர். அவர் திரையிலும் படம் தலைகீழாய்த்தான் தோன்றியது. காண்பது யாது என்று ஓர்ந்து ஸ்விட்சைத் தட்டினார். சிறிய கிண்ணத்தின் படம். மழைத்தூறல்போல் புள்ளிகள் இருந்தன. ஆயினும் ஏணி தெரிந்தது, கால் தெரிந்தது, கலத்தின் நிழல் தெரிந்தது. அந்தப் படம் சிட்னியை அடைந்தது. அங்கே ஆஸ்திரேலியாவின் இரு நிலையப் படங்களில் மேலானதைத் தேர்ந்து அனுப்பும் பொறுப்புடையோர் அமர்ந்திருந்தனர். சிட்னியிலிருந்து நுண்ணலைக் கோபுரங்கள் வழியாக மோரீ, மோரீயிலிருந்து பசிபிக் பெருங்கடல்மேல் நின்ற செயற்கைக்கோள், அங்கிருந்து கலிஃபோர்னியக் கரை, கரையிலிருந்து ஹூஸ்டன், ஹூஸ்டனிலிருந்து உலகம். இத்தனை கைமாற்றங்களில் ஒன்று தவறினும் திரை இருண்டிருக்கும். ஆஸ்திரேலிய மக்கள் மட்டும் இந்தச் சுற்றுப் பயணமின்றி நேரே பெற்றதால் பிறரினும் சற்று முன்னதாகவே கண்டனர்.

ஹூஸ்டன் கட்டுப்பாட்டறையில் இருந்தோர் கோல்ட்ஸ்டோன் படத்தையும் ஹனிசக்கிள் படத்தையும் ஒப்பு நோக்கினர். ஆம்ஸ்ட்ராங்கின் கால் ஏணியின் அடித்தட்டை விட்டு நீங்குமுன் ஹனிசக்கிள் படத்துக்கு மாறினர். உலகம் கண்ட அந்த முதற்காலடி அந்தச் சிறிய கிண்ணம் வாங்கியதே. சற்றொப்ப 9 நிமிடங்கள் கழிந்தபின், நிலவு உயர்ந்து பார்க்ஸின் படம் மிகத் தெளிவாய் வந்ததும் அதற்கு மாறி, ஏறத்தாழ இரண்டரை மணி நேர நிகழ்ச்சியின் இறுதிவரை அதிலேயே நின்றனர். இந்த 9 நிமிடங்களில் பழுது நீக்கிய எவரும் ஒளிபரப்பை நிறுத்திவிட்டுப் பழுது நீக்கவில்லை. தேரை நிறுத்தாமலே அச்சாணி பூட்டினர். ஆம்ஸ்ட்ராங் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை; காத்திருக்கவேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது.

புகழ் எவர்க்குச் சென்றது என்பதையும் சொல்லிவிடுவோம். 2000-ஆம் ஆண்டில் ‘தி டிஷ்’ என்னும் ஆஸ்திரேலியத் திரைப்படம் வெளிவந்தது. நகைச்சுவை நிறைந்த நல்ல படம். ஆனால் அதில் பார்க்ஸ் மட்டுமே உண்டு. முதற்காலடியையும் பார்க்ஸே தந்ததாய்க் காட்டப்படுகிறது. மின்சாரம் நின்று நிலவைத் தொலைத்துவிட்டுப் பதறுவதாக வரும் காட்சியும் கற்பனையே. கதைக்கு ஓர் ஊர் போதும், இரண்டு வேண்டா என்பது கலைஞர் உரிமை. எனினும் படம் பார்த்த மக்கள் அதனையே வரலாறாய்க் கொண்டனர். ஹனிசக்கிள் கிரீக் நிலையம் 1981-இல் மூடப்பட்டது. அதன் கிண்ணம் டிட்பின்பில்லாவுக்குப் பெயர்க்கப்பட்டது. கட்டடமும் பின்னர் இடிக்கப்பட்டது. இன்று அங்கே செல்வோர் காண்பது காட்டு நடுவே கற்காரைத் தளமும், பழைய கதையைச் சொல்லும் சில பலகைகளும்.

எல்லாப் பழுதும் கீழிருந்து நீக்கத்தக்கதன்று. அதே ஆண்டு நவம்பரில் சென்ற அப்பல்லோ 12 வண்ணக் காமிரா கொண்டுசென்றது. ஆலன் பீன் அதனைப் பெட்டகத்திலிருந்து எடுத்து முக்காலிக்கு மாற்றும்போது அதன் முகம் கதிரவனை நோக்கித் திரும்பிவிட்டது. உள்ளிருந்த குழாய் பொசுங்கியது. திரையின் ஒரு பகுதி வெண்மை, மறுபகுதி கருமை. புவியிலிருந்து ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்ல அவர் முயன்றார். இறுதியில் சுத்தியலால் தட்டியும் பார்த்தார். நம் ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் தட்டியவர்களுக்கு இந்தச் செய்தி ஆறுதல் தரும். படம் திரும்பவில்லை. அந்தப் பயணத்தின் எஞ்சிய நிலவுநடை முழுதும் மக்களுக்குக் குரலாகவே கிடைத்தது.

இனிச் சொல்லவேண்டியது ஓர் இழப்பு. உலகுக்குச் சென்றது மாற்றப்பட்ட, மங்கிய படம் என்றோம். மாற்றப்படாத மூலப்படம், நிலையங்களின் சிறு திரைகளில் எஞ்சியவற்றினும் தெளிவாய்த் தெரிந்தது. ஒளிபரப்பு தவறினால் கைகொடுக்கட்டும் என்று அதனைப் பெரிய காந்த நாடாச் சுருள்களில் பதிந்தும் வைத்தனர். ஒளிபரப்பு தவறவில்லை, ஆகவே சுருள்களை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவை அமெரிக்கக் கிடங்குகளுக்குச் சென்றன. பல்லாண்டுகள் கழித்து, ஓய்வு பெற்றுவிட்ட ஸ்டான் லெபரும், ஆஸ்திரேலிய நிலையங்களின் பழைய பணியாளரும், இன்றைய கருவிகளால் மூலப்படத்தை உலகுக்குக் காட்டலாமே என்று தேடலில் இறங்கினர். 2009-இல் நாசா தன் முடிவை வெளியிட்டது. நாடாத் தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில், 1980-களின் தொடக்கத்தில், அந்தச் சுருள்கள் அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்பதே அது. கெட்ட எண்ணம் எவர்க்கும் இல்லை. சிக்கனம் செய்தனர், மேலிருந்து வந்த ஆணையை நிறைவேற்றினர். தீயும் புயலும் செய்ய இயலாததைக் கிடங்கின் கணக்குப் புத்தகம் செய்துவிட்டது.

கிடைத்த ஒளிபரப்புப் பிரதிகளுள் மேலானவற்றைத் தேர்ந்து, ஹாலிவுட் படங்களைச் செப்பனிடும் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துத் தூய்மை செய்வித்து, அந்த ஆண்டிலேயே நாசா வெளியிட்டது. நாம் இன்று காண்பது அதுதான். முன்னதைவிட நன்று; மூலம் அன்று.

மூலத்தின் சாயல் ஓரிடத்தில் மட்டும் சிறிது தங்கியிருக்கிறது. ஹனிசக்கிள் கிரீக்கில் அன்று பணியிலிருந்த வான் ரெனுவார்ட், குடும்பத்தினர் பிறந்தநாள், சுற்றுலா எனப் பிடிக்கும் சிறு சூப்பர்-8 காமிரா ஒன்றைத் தம்மோடு கொண்டுவந்திருந்தார். உலகம் வேறு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வேலையின் இடையிடையே அதனைத் தம் முன்னிருந்த சிறு திரைக்கு நேரே பிடித்து ஓட்டினார். ஒலியில்லை. கை நடுக்கம் தெரிகிறது. ஏணியின் அருகே வெண்ணுடை மனிதர் ஒருவர் நிற்கிறார். படம் நேராக இருக்கிறது.